கோட்டை வரை கொண்டுபோன செய்தி

அம்மா இறந்த செய்தியைத் தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான். இதில் வேறு யாரையும் இழுத்துவிட நான் விரும்பவில்லை. எங்கள் வீட்டில் முடிவெடுக்கிற ஆள் எப்போதும் நான்தான். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். பிழையாய்ப் போனால் மட்டும் "நான் அப்பவே நினைச்சனான்" என்பார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், பார்க்டேலில் கரப்பான்பூச்சிகளோடு குடியிருந்த அப்பார்ட்மென்டை விட்டு, மில்லிக்கனில் ஒரு வீடு வாங்கி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளர்களின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலையில் இருந்தேன். அம்மாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டிருந்தோம். தம்பியை முடியவில்லை. அவன் கனடாவுக்கென்று கிளம்பி, ஏஜென்ற் பாதியில் கைவிட்டதால் கிரேக்க நாட்டில் நின்றுபோனவன். முதலில் ஏதென்ஸில் இருந்தான். பிறகு யாரோ வேலை இருக்கிறது என்று சொல்ல, ஒரு சின்னத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தத் தீவில் மலை உச்சியில் ஒரு பழங்காலக் கோட்டை இருந்தது. கோட்டையைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்குக் கோப்பியும் தண்ணீரும் விற்கிற ஒரு கடை மலையடிவாரத்தில் இருந்தது. அந்தக் கடையில் அவனுக்கு வேலை. கையில் முறையான பத்திரம் ஒன்றும் இல்லை. தீவை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போகவும் முடியாது, முன்னுக்கு வரவும் முடியாது. அப்பா நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மாவுக்குப் பிள்ளைகள் என்று இருந்தது நானும் அவனும்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணீர் குடித்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்தபடியே அம்மா போய்விட்டார். எழுபத்திரண்டு வயது. நோய், வருத்தம் என்று ஒன்றும் சொன்னதில்லை.

தனிய இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்லக்கூடாது. இது இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்கள் சனத்துக்குள் உண்டான சட்டம். ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறுகிறவர்களையும் நான் காணவில்லை. ஊரில் ஒருவர் செத்தால் முதலில் இங்கே இருக்கிற பெடியனின் கூட்டாளிக்குத்தான் போன் வரும். அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பெடியன் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, முதலில் சாப்பிட வைத்து, பிறகுதான் மெல்ல வாயைத் திறப்பான். பெடியன் வெளியே ஓடிவிடாதபடி ஒருத்தன் கதவடியில் நிற்பான். பார்க்டேலில் எங்கள் மாடியில் இருந்த ஒரு பெடியனுக்கு இந்தச் சட்டம் தெரியாத யாரோ, தகப்பன் செத்ததை நேரடியாகப் போனில் சொல்லிவிட்டார்கள். அறையில் அவன் மட்டும். தை மாதக் குளிரில் சேர்ட்டோடு பல்கனியில் போய் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து அறைக்காரர் கண்டு இழுத்து உள்ளே போட்டபோது கைவிரல்கள் நீலமாகிக் கிடந்தன. அந்த விரல்களை நான் கண்ணால் பார்த்தவள்.

ஆகவே அம்மாவின் செத்தவீட்டில் எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன்.

"அந்தத் தீவிலை அவனுக்கு ஆர் இருக்கினம்?"

பதிலுக்கு நிற்காமல் நானே தொடர்ந்து சொன்னேன்.

"ஒரு தமிழ்ச்சனம் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. தனிச்சு நிக்கிறவனுக்குப் போனிலை சொல்லி அவனும் போறதே? நான் நேரிலை போய்ச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

என் கணவர் மட்டும் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவன் ஒரே ஆம்பிளைப் பிள்ளையெல்லே. கொள்ளி அவன்ரை உரிமை. வர ஏலாதுதான், எண்டாலும் தெரிய வேணுமெல்லே. பிறகு கேப்பான்."

"கேட்டால் நான் பதில் சொல்லுறன். நீங்கள் சும்மா இருங்கோ."

அவர் சும்மா இருந்தார். கொள்ளிக்குடத்தோடு சுற்றி வந்து, தகனம் செய்கிற இடத்தில் பொத்தானை அமத்தினதும் அவர்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஏரியில் சாம்பலைக் கரைத்தது எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. நான் பட்டியல் போட்டு நடத்தினேன். ஐயருக்கு என்ன, சமையலுக்கு யார், எந்தக் காரில் யார் ஏறுவது என்று அதில் எல்லாம் இருந்தது. ஆட்கள் மெச்சினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

உடனே போயிருக்கலாம். குடியுரிமை கிடைத்திருந்தாலும் பாஸ்போட்டுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. கோடையில் எங்கள் சமையலறையில் லீவும் தரமாட்டார்கள். இன்றைக்கு நாளைக்கு என்று நாலு மாதம் ஓடிவிட்டது.

அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போன்காட் போட்டு அவனுடன் பேசினேன். நிறுத்தினால் சந்தேகப்படுவான். கடையில்தான் போன் இருந்தது. ஒரு பெண் எடுத்து, தன் மொழியில் என்னவோ சொல்லிவிட்டு, மலையே அதிரும்படி அவனைக் கூப்பிடுவாள். அவன் ஓடிவந்து, மூச்சிரைக்க, "அம்மாட்டைக் குடுங்கோ" என்பான். அம்மா நித்திரை என்றேன். அடுத்த கிழமை குளிக்கிறா என்றேன். அதற்கடுத்த கிழமை கோயிலுக்குப் போய்விட்டா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நாலாவது கிழமை வாயில் வந்தது ஒரு பெரிய பொய்.

"அம்மாவுக்கு இப்ப காது கேக்கிறேல்லையடா. போனிலை ஒண்டும் விளங்காது. நான் பக்கத்திலை இருந்து கத்தவேண்டிக் கிடக்கு."

பொய் சொல்வதில் நான் இவ்வளவு கெட்டிக்காரி என்று அதுவரை எனக்கே தெரியாது. அவன் நம்பினான். பாவம், கவலைப்பட்டான். டொக்டரிட்டைக் காட்டினீங்களே, மெசின் ஏதும் பூட்டலாமே என்றெல்லாம் விசாரித்தான்.

ஆவணி மாதத்தில் ஒரு தபால் உறை வந்தது. உள்ளே ஒரு கசெற். அதன் மேல் அம்மாவுக்கு என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் வெளியே போன நேரமாகப் பார்த்து, பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அதைப் போட்டுக் கேட்டேன். முதலில் காற்றுச் சத்தம். ஆடு கத்துகிற சத்தம். பிறகு அவன்.

"அக்கா, இதை நீங்கள் கேக்கிறதுக்கில்லை. அம்மான்ரை காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ. அம்மா, கேக்குதே? நான் இப்ப கோட்டைக்கு மேலை நிக்கிறன். கீழை இருந்து இருநூற்றி எழுபது படி. நீங்கள் வந்தால் நடக்கத் தேவையில்லை, கழுதை இருக்கு, ஏத்திக்கொண்டு வருவன். சிரியாதேங்கோ. இஞ்சை வெள்ளைக்காரக் கிழவியளே கழுதையிலைதான் வருகினம். இந்தக் கோட்டை எத்தினையோ நூறு வருசம் முந்தினதாம். கடல்கொள்ளைக்காரரின்ரை கப்பல் தெரிஞ்சால் ஊர்ச்சனம் முழுக்க ஆடுமாட்டோடை உள்ளை ஓடிவந்து கதவைச் சாத்திப்போடுமாம். எங்கடை சனம் சண்டை நேரம் கோயிலுக்கை ஓடினமெல்லே, அதுமாதிரித்தான். உள்ளை ஒரு பெரிய தண்ணித்தொட்டி இருக்கு. கல்லுப் போட்டால் சத்தம் வர நேரம் செல்லும். பொறுங்கோ, போட்டுக் காட்டுறன்."

கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது. பிறகு எங்கோ ஆழத்தில் டொப் என்றது. "கேட்டதே அம்மா?" என்றான்.

செத்தவீட்டில் நான் அழவில்லை, எனக்குப் பட்டியல் இருந்தது. அன்றைக்கு அந்த வாளியில் இருந்து வாய்விட்டு அழுதேன். நடுவில் மகள் படியிறங்கி வந்துவிட்டாள். பன்னிரண்டு வயது. கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"அம்மா, இஸ் தற் மாமா? ஏன் அவர் அம்மம்மாவோடை கதைக்கிறார்? ஹி டஸின்ட் நோ? அவருக்குத் தெரியாதே?"

"மேலை போ," என்றேன்.

"தற்ஸ் ஸோ க்ரூவல், அம்மா. மாமா பாவம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாளே பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனேன்.

ஒக்டோபரில் புறப்பட்டேன். எங்கள் சனத்தின் சட்டப்படி இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், கதவடியில் நிற்க. கணவருக்கு லீவு இல்லை. பெட்டிக்குள் இரண்டு கிலோ மிளகாய்த்தூள், எள்ளுப்பாகு, அவனுக்குக் குளிர் உடுப்பு எல்லாம் வைத்தேன். ஏதென்ஸ் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு ஆறேழு தரம் தும்மி, கையைக் காட்டிப் போ என்றுவிட்டார். தீவுக்குப் போகிற கப்பலில் ஆறு மணித்தியாலமும் நான் சொல்லப்போகிற வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு இருந்தேன். "தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று தொடங்குவதா? அது வானொலி மரண அறிவித்தல் மாதிரி இருந்தது. "அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றால் எங்கே என்று கேட்பான். ஒன்றும் சரிவரவில்லை.

பின்னேரம் தீவு தெரிந்தது. கீழே வெள்ளை வீடுகள். மேலே மலையில், பூச்சி தின்ற சூத்தைப் பல்வரிசை மாதிரிக் கோட்டைச் சுவர். நான் வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன், துறைமுகத்தில் தம்பி நின்றான். ஏழு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கறுத்து, மெலிந்து, அப்பாவின் மீசையோடு நின்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அம்மா எப்பிடி இருக்கிறா?"

"இருக்கிறா," என்றேன்.

பாடமாக்கியது எல்லாம் போய்விட்டது. ஆட்கள் நெருக்குகிற துறைமுகத்தில் வைத்துச் சொல்லவா? அவன் சாப்பிட்டானோ தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனில் சொன்ன பொய் ஒரு மாதிரி. முகத்தைப் பார்த்துச் சொன்னது வேறு. அன்றைக்குத்தான் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவன் இருந்தான். கடைக்காரி என் வயதுப் பெண், நாற்பத்தைந்து இருக்கும். புருஷன் கப்பலில் வேலை. போனை எடுத்துக் கத்துகிற குரல் அவளுடையது என்று உடனே தெரிந்தது. என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. பிறகு தெளிவாக, "அக்கா" என்றாள்.

"அவவை நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறனான்," என்றான் தம்பி. "அவவுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்ச் சொல்லு."

கண்டறியாத அக்கா, என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். நான் இருக்க அவனுக்கு இன்னொரு அக்கா எதற்கு?

அவள் மீனும் அவித்த கீரையும் பாணும் வைத்தாள். கீரையில் எலுமிச்சம்புளியும் எண்ணெயும் விட்டிருந்தாள், நல்ல ருசிதான். கையால் காதைக் காட்டி, தலையில் முக்காடு போடுகிற மாதிரிக் காட்டி, என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"அம்மான்ரை காது இப்ப எப்பிடி எண்டு கேக்கிறா," என்றான் தம்பி. "இவவின்ரை தாய்க்கும் கடைசிக் காலத்திலை அப்பிடித்தானாம்."

நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். தம்பி என் மிளகாய்த்தூளில் ஒரு கரண்டியை மீனில் தூவிக்கொண்டு, ஏழு வருடப் பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடுகிறவனிடம் எப்படிச் சொல்வது?

"சீசன் முடிஞ்சுது, நாளைக்குக் கடை திறக்கிறேல்லை," என்றான். "காலமை கோட்டைக்குப் போவம். உங்களுக்கு ஒவ்வொண்டாக் காட்ட வேணும்."

காலையில் ஏறத் தொடங்கினோம். எனக்கு முழங்கால் வருத்தம். சமையலறையில் எட்டு மணித்தியாலம் சீமெந்து நிலத்தில் நிற்கிற வேலை சும்மா விடுமா? இருபது படிக்கு ஒருதரம் நின்றேன். அவன் எனக்காக நின்று, நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு கதை சொன்னான். இந்தத் திருப்பம் வேண்டுமென்றே ஒடுக்கமாகக் கட்டியது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஏறி வர முடியாது. இந்தத் துவாரத்தால் கொதித்த எண்ணெய் ஊற்றுவார்களாம். வாசலுக்கு மேலே கல்லில் ஒரு சிங்கம் செதுக்கியிருந்தது. மழையில் தேய்ந்து, இப்போது அது ஒரு நல்ல பூனை.

உள்ளே நான் நினைத்தமாதிரி மண்டபம், சிம்மாசனம் ஒன்றும் இல்லை. கூரையில்லாத சின்னச் சின்ன வீடுகளின் சுவர்கள்தான் இருந்தன. அதற்குள் அத்திமரம் முளைத்திருந்தது. ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் நிற்கக்கூடிய கோயில், உள்ளே ஒரு எண்ணெய் விளக்கு எரிந்தது. நாளாந்தம் அதற்கு எண்ணெய் விடுகிறதும் தன் வேலைதான் என்றான். காலடியில் மிதிபட்ட புல்பூண்டுகளில் இருந்து ஓமம் மாதிரி வாசம் வந்தது. சுவர் விளிம்பில் நின்றால் நாலு பக்கமும் கடல்.

எங்கள் ஊரிலும் கோட்டை இருக்கிறது. அது கடலோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். எனக்குத் தெரிய அது கிட்டப் போகக்கூடாத இடம். அதற்குள் இருந்த ஆமிக்காரருக்குத்தான் நாங்கள் பயந்தோம். பயந்து ஓடுகிற சனத்துக்காகவும் ஒரு கோட்டை கட்டுவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மாதக்கணக்கில் இருந்த பெண்களை நினைத்தேன். வெளியே யார் செத்தார், யார் இருந்தார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? யார் சொல்லியிருப்பார்கள்? கதவு திறந்த நாளில் முதலில் வாயைத் திறந்தது யார்?

"இதுதான் அக்கா அந்தத் தண்ணித்தொட்டி," என்றான் தம்பி. "கசெற்றிலை கல்லுப் போட்டனான் எல்லே. அம்மாவுக்குக் கேட்டதே? கேட்டிட்டு என்ன சொன்னவ?"

அவன் முகத்தைப் பார்த்தேன். சிறுபிள்ளை மாதிரி, பதிலுக்காக நின்றான். இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

"தம்பி, அம்மா இல்லையடா."

"எங்கை போட்டா?"

நான் அவன் தோளைப் பிடித்தேன். அவன் கையில் தொட்டிக்குள் போடுவதற்கு எடுத்த கல் இருந்தது. அதைப் பக்கத்தில் சுவரின் மேல் மெதுவாக வைத்தான்.

"எப்ப?"

"ஜூன் மாதம். ஒரு வருத்தமும் இல்லை, தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தவ..."

"ஜூனோ? இப்ப ஒக்டோபர்."

"நீ தனிய இருக்கிறாய் எண்டுதான் சொல்லேல்லை. நேரிலை வந்து சொல்லுவம் எண்டு..."

"கொள்ளி ஆர் வைச்சது?"

"அத்தான்."

"சாம்பல்?"

"ஏரியிலை கரைச்சாச்சு."

"எனக்கு?"

அந்த ஒரு சொல் என்னை அறைந்தது. அவனுக்கென்று ஒரு சிட்டிகை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பெரிய பட்டியலில் அது இருக்கவில்லை.

அவன் அழுவான், விழுவான், சுவர் விளிம்புப் பக்கம் போவான் என்று பயந்து, விளிம்புக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவன் அசையவில்லை. கணக்குப் பார்க்கிற ஆள் மாதிரி நின்றான்.

"ஜூனிலை என்ன கிழமை?"

"சனிக்கிழமை. இரண்டாம் சனி."

"என்ன நேரம்?"

"காலமை எட்டரை இருக்கும்."

"அங்கை காலமை எட்டரை எண்டால் இஞ்சை பின்னேரம் மூண்டரை," என்றான். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டான். "அண்டைக்குக் கீழை கலியாணம் அக்கா. கடைக்கார அக்காவின்ரை மகளுக்கு. மத்தியானச் சாப்பாடு முடிய எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு சுத்திச் சுத்தி ஆடினவை. நான்தான் முன்னுக்கு நிண்டு ஆடினனான். அம்மா போகேக்கை நான் ஆடிக்கொண்டு நிண்டிருக்கிறன்."

"உனக்குத் தெரியாதுதானே. தெரியாமல் செய்தது..."

"அண்டைக்குத் தெரியாது, சரி. பிறகு? நாலு மாதமா நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஒரு நாள் பட்டினி கிடக்கேல்லை. இறைச்சி திண்டிருக்கிறன். வாறவன் போறவன் எல்லாரிட்டையும் அம்மா அடுத்த வருசம் வருவா எண்டு சொல்லியிருக்கிறன். செத்துப்போன மனிசியோடை கசெற்றிலை கதைச்சிருக்கிறன். நீ அதைக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாய்." குரல் உயரவில்லை. அவன் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல்தரம். "என்னை விசரன் ஆக்கிப்போட்டாய்."

எனக்கும் கோபம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். நாலு மாதம் தனியே சுமந்தவள் நான், கடல் தாண்டி வந்தவள் நான், எனக்கு இதுவா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் கேட்டதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. நான் அவன் அழுகையைத் தள்ளிப்போடவில்லை. பறித்துவிட்டேன். நாங்கள் எல்லோரும் வீடு நிறைந்த சனத்தோடு அழுது, குளித்து, முப்பத்தோராம் நாள் சோறு சமைத்து முடித்துவிட்டோம். அவனுக்கு மட்டும் ஒன்றுமே மிச்சம் இல்லை.

அவன் எழும்பிப் படியிறங்கத் தொடங்கினான். நான் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒருமுறைகூட எனக்காக அவன் நிற்கவில்லை. ஆனாலும் கண்ணுக்கு மறைந்துபோகாத தூரத்தில்தான் போனான்.

நான் கீழே போய்ச் சேர்ந்தபோது கடைக்காரி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தம்பி அவளுக்கு முன்னால் நின்று இரண்டு மூன்று சொல் சொன்னான். எனக்கு நாலு மாதம் யோசித்தும் வராத சொல், அவனுக்கு அந்த மொழியில் எப்படியோ வந்துவிட்டது. அவள் விளக்குமாற்றைப் போட்டாள். அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, எங்கள் பெண்கள் செய்வதுபோலவே ராகம் இழுத்து அழத் தொடங்கினாள். அப்போதுதான் அவன் உடைந்தான். என் தம்பி, என் கையில் அழாதவன், அந்தக் கண்டறியாத அக்காவின் தோளில் கிடந்து கதறினான்.

பிறகு நடந்ததை நான் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவள் உள்ளே போய்க் கறுப்புச் சட்டை உடுத்திக்கொண்டு வந்தாள். கடை யன்னல்களைப் பாதி சாத்தினாள். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அரை மணித்தியாலத்துக்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது. கழுதைக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தான். மீன்பிடிக்கிற இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். தாடி வைத்த பாதிரியார் வந்தார். கலியாணம் செய்துகொண்ட அந்தப் பெண், புருஷனோடு வந்து, எந்த நாள் என்று கேட்டுத் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வந்தவர்கள்தான் பாணும் அவித்த அவரையும் கொண்டுவந்தார்கள். சீனி போடாத கோப்பி சின்னச் சின்னக் கோப்பைகளில் வந்தது. எனக்கும் ஒன்று தந்தார்கள். ஒருத்தி அவித்த கோதுமையில் மாதுளைமுத்துக் கலந்து கொண்டுவந்து, முதல் கரண்டியை அவன் கையில் கொடுத்தாள்.

நடுவில் நான் எண்ணினேன். முப்பத்தெட்டுப் பேர். ரொறன்ரோவில் எங்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் மண்டபம் தந்திருந்தார்கள், அடுத்த பிரேதம் வெளியே காத்திருந்தது. இங்கே ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அம்மாவை ஒருநாளும் கண்டிராத சனம், அம்மாவின் பெயரைக் கேட்டு, வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது. தம்பி அம்மாவைப் பற்றி அவர்களுக்குச் சொன்னான். இடையிடையே சிரித்தான், பிறகு அழுதான், அவர்களும் கூடவே சிரித்து அழுதார்கள்.

பின்னேரமாகிச் சனம் குறைந்த பிறகு கடைக்காரி என் பக்கம் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

தம்பி மொழிபெயர்க்கவில்லை.

"என்ன கேக்கிறா?" என்றேன்.

"விடுங்கோ அக்கா."

"சொல்லு."

அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாங்கள் எல்லாரும் இஞ்சை இருந்தனாங்கள்தானே, எங்களுக்குச் சொல்லியிருந்தால் நாங்கள் பாத்திருப்பமே எண்டு கேக்கிறா."

அவள் காத்திருந்தாள். கடைசியில் தம்பிதான் எனக்காக அவளுக்கு ஏதோ சொன்னான். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"என்ரை அக்காவுக்கு உங்கள் ஒருத்தரையும் தெரியாது எண்டு சொன்னனான்," என்றான்.